துடைக்காமல் விட்ட இடம்

கூடம் முழுக்க ஈரம் மின்னிக்கொண்டிருந்தது. செருப்பு அலமாரிக்கு எதிரே மட்டும், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு தரை காய்ந்து கிடந்தது.

அவன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். சாதாரணத் தரை. இதில் பயப்பட ஒன்றும் இல்லை. துடைக்கிற இயந்திரம் ஒரு இடத்தை விட்டுவிட்டது, அவ்வளவுதான். மனிதரை வேலைக்கு வைத்திருந்தால் இதைவிடப் பெரிய இடங்களை விட்டிருப்பார், கூடவே லீவும் கேட்டிருப்பார்.

அவனுக்கு வரைபடம் சரிபார்க்கும் வேலை. வரைபடத்தில் இருக்கும் தெரு தரையில் இருக்கிறதா, தரையில் இருக்கும் பாலம் வரைபடத்தில் இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்தபடி படங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான்கு வருடத்தில் ஆயிரக்கணக்கான தெருக்களைத் திருத்தியிருந்தான். தன் தெருவில் கடைசியாக எப்போது நடந்தான் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பான். வீட்டில் அவனைத் தவிர இரண்டு பேர். ஒன்று செம்பட்டை நிறப் பூனை. நாள் முழுக்கத் தூங்கி, நடுவில் வந்து கீபோர்டில் உட்கார்ந்து வேலையைக் கெடுத்து, சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு காட்டியதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். இன்னொன்று அந்த இயந்திரம். அக்கா ஒருமுறை வந்து சோபாவில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் பூனை முடியோடு எழுந்து, ஊருக்குப் போன மறுநாளே வாங்கி அனுப்பியது. வட்டமாக, வெள்ளையாக, கவிழ்த்துவைத்த தட்டு மாதிரி இருக்கும். அதற்கு ட்ரெயினி என்று பெயர் வைத்தான். மூவரில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான்.

தினமும் மாலை நான்கு மணிக்கு ட்ரெயினி தன் சார்ஜ் கூட்டிலிருந்து ஒரு செருமலோடு கிளம்பும். முதலில் முடியை உறிஞ்சும், பிறகு இரண்டு ஈரத் துணிகளைச் சுழற்றிக்கொண்டு துடைக்கும். மேனேஜர் குறுக்கே படுத்திருந்தால் நிற்கும், ஒரு சாண் தள்ளிச் சுற்றிக்கொண்டு போகும், அந்த இடத்தில் ஒரு பாதச் சின்னத்தைப் போட்டு வரைபடத்தை அவன் போனுக்கு அனுப்பும். பல நாட்களில் அவனுக்கு வருகிற ஒரே செய்தி அதுதான்.

அன்றைக்கு வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. 'ஓட்டம் முடிந்தது. 97 சதவீதம். ஒரு தடையைச் சுற்றிச் சென்றேன். இது என்ன?' கீழே கணுக்கால் உயரத்திலிருந்து எடுத்த ஒரு படம். வெறும் தரை. பின்னால் அலமாரியின் கால்கள். அதற்கும் கீழே ஒரு பட்டியல்: செருப்பு, வயர், நாற்காலி, செல்லப்பிராணி, செல்லப்பிராணியின் கழிவு. 'ஒன்றுமில்லை' என்று ஒரு தேர்வு அதில் இல்லை.

பதில் சொல்லாமல் விட்டான். மறுநாள் காய்ந்த இடம் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு அடுத்த நாள் சமையலறைக்குப் போகிற வழியில். ஒவ்வொரு நாளும் அதே 97, அதே கேள்வி, வெறும் தரையின் படம். பயத்தைவிட அந்த 97தான் அவனை அரித்தது. நான்காம் நாள் உட்கார்ந்து தொழில்முறையாக யோசித்தான். செருப்பு தானாக இடம் மாறாது. வயரும் நாற்காலியும் மாறாது. பட்டியலில் தானாக இடம் மாறக்கூடியது ஒன்றுதான். 'செல்லப்பிராணி' என்பதைத் தொட்டான்.

'நன்றி. இனி அடையாளம் கண்டுகொள்வேன். இந்த வீட்டின் செல்லப்பிராணிகள்: சின்னது, பெரியது. 100 சதவீதம்.'

அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த வாரம்தான் மேனேஜர் ஃப்ரிட்ஜின் மேல் குடியேறியது. தட்டைக் கீழே வைத்தால் இறங்கவில்லை, மேலே தூக்கி வைத்தால் தின்றது. மடியில் வந்து உட்காருவதை அடியோடு நிறுத்தியது. மாலை நேரத்துக் கதகதப்பு இல்லாமல் அவன் தொடைகள் சில்லிட்டன. மழைக்காலம். சுவர்களில் ஈர வாசனை, தரையில் சோப்புத் தண்ணீரின் எலுமிச்சை வாசனை, இரண்டுக்கும் அடியில் வேறொரு வாசனை. நனைந்த பூனையின் வாசனைதான், ஆனால் மேனேஜர் நனையவே இல்லை. போனில் தினமும் குறிப்புகள் வந்தன. 'இன்று பெரியது கூடத்தில் நெடுநேரம் இருந்தது.' 'இன்று பெரியது உங்கள் அறை வாசலில் இருந்தது.' பக்கத்திலேயே ஒரு பாதச் சின்னம், சின்னதின் பாதத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

ஞாயிற்றுக்கிழமை ட்ரெயினியைக் குப்புறப் போட்டு உருளைத் தூரிகையைக் கழற்றினான். பூனை வளர்க்கிற வீட்டில் வாரம் ஒருமுறை இதைச் செய்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் முடி சுற்றிச் சுற்றி உருளை நின்றுவிடும். கத்தரிக்கோலால் வெட்டி இழுத்தான். செம்பட்டை முடி பஞ்சுபோல வந்தது. அதற்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில், நார் மாதிரி முரடாக, இன்னொன்று வந்தது. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. அவன் கை நீளத்துக்கு வந்தது. அவன் தலையிலோ முடி என்பது பழைய புகைப்படங்களில் மட்டும் இருக்கிற விஷயம்.

சமையலறையில் நின்றபடி அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, போன தடவை வந்தப்போ இங்க தலை சீவுனியா?"

"போன தடவை வந்து மூணு மாசம் ஆச்சுடா. இப்பதான் பெருக்குறியா?"

"இல்ல, பிரஷ்ல நீள முடி ஒண்ணு சுத்தியிருந்துச்சு."

மறுமுனையில் அக்காவின் குரல் தேனாகிவிட்டது.

"டேய். யாருடா அது?"

"யாரும் இல்லக்கா."

"யாரும் இல்லாம நீள முடி எப்படிடா வரும்? மேனேஜர் சவுரி வச்சுக்கிட்டாரா? சொல்லுடா. அம்மாகிட்ட சொல்லமாட்டேன். மாமாகிட்ட மட்டும்தான் சொல்லுவேன், அவர்தான் அம்மாகிட்ட சொல்லுவாரு."

இல்லை என்று இன்னொருமுறை சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் விஷயமாக யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டு வருடக்கணக்காகிறது. அந்தச் சந்தோஷத்தை வெட்டிவிட மனசு வரவில்லை.

"ஆமா. ஒருத்தங்க இருக்காங்க," என்றான்.

"அப்படிப் போடு! பக்கத்துலயே நிக்கிறாளா? அதான் மூச்சு சத்தம் கேக்குதே. கூச்சமாக்கும்?"

அவன் அசையாமல் நின்றான். ஃப்ரிட்ஜின் மேலிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தது. அவனை அல்ல. அவன் தோளுக்கு ஒரு சாண் வலது பக்கத்தை.

"மழை சத்தம்கா," என்றான். மழை நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் செய்தான். ஒரு பெண் எடுத்தாள்.

"ஒரு பெட்டை லிஸ்ட்லேர்ந்து எடுக்கணும்."

"அச்சச்சோ. இறந்துடுச்சா சார்?"

"தெரியல."

அவளுக்கு இதற்குப் பதில் சொல்லப் பயிற்சி கொடுக்கப்படவில்லை போலிருக்கிறது. கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எது சார், சின்னதா பெரியதா?"

"பெரியது."

"ஒரு நிமிஷம் சார்... மிஷின் இதை நூத்தி எழுபது சென்டிமீட்டர்னு அளந்திருக்கு. என்ன சார், நாயா குதிரையா?"

"நாய் இல்ல."

"சரி சார். இங்கேர்ந்து எங்களால எடுக்க முடியாது. தொடர்ந்து ரெண்டு வாரம் எந்த ஓட்டத்துலயும் அது மிஷின் கண்ணுல படவே இல்லைன்னா, தானாவே லிஸ்ட்லேர்ந்து போயிடும். அதுவரைக்கும் தினமும் அந்த நேரத்துல கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"வேணும்," என்றான். அதற்குள் அழைப்பு முடிந்து, சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறுஞ்செய்தி வந்தது. நான்கு கொடுத்தான். அந்தப் பெண் மேல் தப்பில்லை.

ட்ரெயினியை அணைத்து, வயரைப் பிடுங்கிப் போட்டான். அதுதான் அவன் செய்த பெரிய முட்டாள்தனம் என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ஓட்டம் இல்லை, வரைபடம் இல்லை. பெரியது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. சமையலறைக்குப் போகிற வழியில் நடந்தபோது அதன் மேலே நடக்கிறோமா என்று தெரியவில்லை. குளிக்கும்போது கதவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. இரண்டு நாள் சுவரை ஒட்டியே நடமாடினான். மூன்றாம் நாள் தானே போய் வயரைச் செருகினான். அந்த வீட்டில் அதைப் பார்க்கக்கூடிய ஒரே கண் அந்த இயந்திரத்தினுடையது.

கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தான். ரெண்டு நாளுக்கு வருகிறேன் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினான். 'ஜோடியாவா??' என்று பதில் வந்தது. மேனேஜரோடு என்று அனுப்பினான். மாமாவுக்குப் பூனை ஆகாது, தும்முவார், பரவாயில்லை. ஆனால் மேனேஜர் இறங்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் கையை நீட்டினான், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று கோடுகள் வாங்கினான். பூனையை விட்டுவிட்டுப் போகிற எண்ணம் ஒரு நொடிகூட வரவில்லை. ஏழு வருடமாக இந்த வீட்டில் அவன் உள்ளே நுழைந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கிற ஜீவன் அது ஒன்றுதான். அது என்றைக்கு இறங்குகிறதோ அன்றைக்கு அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஓடவேண்டும். பூனைப் பையைத் திறந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

மூன்றேமுக்கால் மணிக்கே வானம் கறுத்துவிட்டது. கூடத்தில் விளக்கு போடவில்லை, சுவிட்ச் வாசல் பக்கம் இருந்தது. நான்கு மணிக்கு ட்ரெயினி செருமிக்கொண்டு கிளம்பியது. அவன் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்தான். வரைபடத்தில் வெள்ளைப் புள்ளி வாசல் வரை போனது. நின்றது. ஒரு சாண் தள்ளிச் சுற்றியது. பெரிய பாதம், வாசற்கதவை ஒட்டி.

கதவுக்கும் அவனுக்கும் நடுவே பன்னிரண்டு அடி ஈரத் தரை.

அப்போது மடியில் கனமாக ஏதோ குதித்தது.

மேனேஜர்! இரண்டு முறை சுற்றி, தொடையை நகத்தால் பிசைந்து, சுருண்டு, சுகத்தில் குர்குர்ரென்று உறுமத் தொடங்கியது. பதினைந்து நாள் கழித்து. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து பார்க்கவில்லை. மடிக்கு வந்த மேனேஜரை நேருக்கு நேர் பார்த்தால் இறங்கிப் போய்விடும். ஆகவே இடது கையால் மெல்ல அதன் கழுத்தைக் கோதினான், வலது கையில் போன். இந்த ஓட்டம் முடியட்டும். பெரியது வாசலை விட்டு நகரட்டும். நகர்ந்ததும் பை, கதவு, படிக்கட்டு, தெரு.

வெள்ளைப் புள்ளி சமையலறைக்குள் போனது. படுக்கையறை. கட்டிலுக்கடி. திரும்பவும் கூடம். இந்த முறை வாசலை நிற்காமல் துடைத்தது. சின்னம் அங்கே இல்லை. ஈரத் துணிகளின் சளப்சளப் சத்தம் நெருங்கியது. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது. அதன் சின்ன விளக்கு அவன் காலில் பட்டது. அப்படியே கொஞ்ச நேரம். பிறகு பின்வாங்கி, ஒரு சாண் தள்ளி, சுற்றிக்கொண்டு போனது.

போன் அதிர்ந்தது.

'ஓட்டம் முடிந்தது. 100 சதவீதம். ஒரு செல்லப்பிராணி எங்கும் காணப்படவில்லை. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.'

போய்விட்டது! அவன் சத்தமாகச் சிரித்தான். மடியின் கனம் சிரிப்போடு குலுங்கியது. உறுமல் நிற்கவில்லை.

கீழே இன்னொரு வரி இருந்தது.

'நீக்கப்பட்டது: சின்னது.'

சரி. அதுவும் நியாயம்தான். இத்தனை நாள் ஃப்ரிட்ஜின் மேல் இருந்த மேனேஜர் இன்றைக்கு மடியில் இருக்கிறது. மடி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். இயந்திரத்தின் கண் கணுக்கால் அளவு. எப்படித் தெரியும்? தெரியாது. சின்னது தெரிந்திருக்காது. கழுத்தைக் கோதிக்கொண்டே வரைபடத்தைப் பெரிதாக்கினான். பெரியது எங்கே என்று தேடினான். கூடத்தில் இருந்தது. கூடத்தில் நாற்காலி. நாற்காலியின் மேலேயே அந்தச் சின்னம்.

உறுமல்.

அவன் கை நிற்கவில்லை. நிறுத்தினால் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். கழுத்திலிருந்து முதுகு வழியாக வால் வரை மேனேஜர் ஒன்றரைச் சாண். அந்தத் தூரம் கைக்கு மனப்பாடம். கழுத்து. முதுகு. கை இறங்கியது. ஒரு சாண். இரண்டு சாண். தொடையைத் தாண்டியது. முழங்காலைத் தாண்டியது. அவன் முன்னால் சாய்ந்தான், கை இன்னும் கீழே போகட்டும் என்று. கண்ணை மூடிக்கொண்டான். விரல்களுக்கடியில் முதுகெலும்பு ஒவ்வொரு முடிச்சாக, வெதுவெதுப்பாக, பாதத்தை நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. வால் இன்னும் வரவில்லை.