புதர்ப்பாடியின் கோபம்

தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மலைக்காட்டில் கால் வைக்கும்போதே பறவை ஆய்வாளர் செண்பகவல்லிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "அந்தப் பறவை அங்கே இல்லவே இல்லை" என்று மரம் வெட்டும் கம்பெனிக்காரன் அதிகாரிகளிடம் அடித்துச் சொல்லிவிட்டான். இருக்கிறது என்று இந்த வாரத்துக்குள் நிரூபிக்காவிட்டால் அந்தச் சரிவு முழுக்க மொட்டைதான்.

கைக்குள் அடங்கும் உருண்டை உடம்பு, நெட்டைக் கால், வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூங்கில் புதருக்கடியில் பாடித் திரியும். முகத்தை மட்டும் காட்டாது. அவளும் கூட வேலை பார்க்கும் இருதயராஜும் அதற்கு வைத்த பெயர் புதர்ப்பாடி. அதன் பழைய பதிவை ஒலிபெருக்கியில் போட்டால், எவனோ தன் இடத்துக்குள் புகுந்துவிட்டான் என்று பதிலுக்குப் பாடும்.

"நான் மட்டுந்தான் போடுவேன். நீ காதைத் தீட்டிக்கிட்டு நில்லு, போதும்" என்று சொல்லி அவனை ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள்.

போட்டாள். பதில் வந்தது! மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முள் கிழித்தது, ஓடையில் வழுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி போட்டாள். பொழுது சாயச் சாயப் பதில் நெருங்கி வந்தது. கடைசிப் புதரை விலக்கினால், முழங்கால் சேற்றில், கையில் ஒலிபெருக்கியோடு இருதயராஜ் நிற்கிறான்.

"அக்கா, நீங்களா? நான் பறவைன்னுல்லா நெனச்சேன்."

"ஏலே, ஒனக்கு என்ன சொல்லி அனுப்புனேன்? நாள் பூரா என்னையவே கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கியேல. மொதல்ல அந்தப் பெட்டிய அமத்து."

இரண்டு பெட்டியும் அடங்கின. அவள் அடங்கவில்லை. மைக் ஓடிக்கொண்டிருப்பதையும் மறந்து அவன் பரம்பரையையே இழுத்தாள்.

அப்போதுதான் இருவருக்கும் நடுவே கிடந்த பட்ட மரத்தில் அது வந்து குதித்தது. இரண்டு களவாணிகள் தன் இடத்தில் உரிமை கொண்டாடுவதைக் கேட்டுக் கேட்டு வெந்துபோயிருந்தது போலும், நெஞ்சைப் புடைத்துக்கொண்டு கத்தியது. அவள் வாயடைத்து நின்றாள். அதுவும் நிறுத்தியது. "பாத்தியால!" என்றாள். உடனே அதுவும் குரலை ஏற்றியது. கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல், விட்ட இடத்திலிருந்து இருதயராஜைத் திட்டத் தொடங்கினாள். பறவையும் விடவில்லை.

"பதிவுல நீங்க திட்டுனத மட்டும் வெட்டிருவோம்க்கா, மானம் போகுது" என்று அதிகாரிகளின் அறை வாசலில்கூட இருதயராஜ் கெஞ்சினான்.

"வெட்டுனா பதிவுல கை வச்சோம்பான் அந்தக் கம்பெனிக்காரன். அப்படியே கெடக்கட்டும்."

பதிவைக் கேட்ட கம்பெனிக்காரன் சிரித்தான். "இது பழைய பதிவு. பெட்டியில் போட்டுவிட்டுப் பிடித்திருக்கிறார்கள்."

செண்பகவல்லி மேஜையில் ஓங்கி அறைந்தாள். "மறுபடி கேளுங்கள். நான் கத்தினால் கத்துகிறது, நிறுத்தினால் நிறுத்துகிறது. எந்தப் பழைய பதிவு ஐயா ஆளோடு சண்டை போடும்?"

அதிகாரி மறுபடி கேட்டார். பிறகு வெட்டும் அனுமதியை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "இப்பவாவது கோவம் போச்சாக்கா?" என்றான் இருதயராஜ்.

"போகல. என்மேலயும் சேத்துத்தான். அதோட எடத்துல போயி அது கொரல்லயே ஏமாத்துனோம்லா. இனி பெட்டி ஒனக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது. வாய மூடிக்கிட்டு உக்காந்திருப்போம். இஷ்டமிருந்தா அது வரட்டும்."