மூச்சில் ஏறிய சாளைக் குழம்பு

பிரிவு அலுவலகத்தில் வரிசை நகர நகர, தவசீலன் இன்னொரு ஏலக்காயைக் கடித்தான். காலையிலிருந்து இது ஒன்பதாவது. அதற்கு முன்பே கிராம்பும் கொய்யா இலையும் ஆயிற்று. பின்னே, தின்றது என்ன கொஞ்சமா?

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் புருஷன் பெண்டாட்டி பிரிய வக்கீல் வேண்டாம், அறுபது நாள் தனித்தனி அடுப்பு போதும். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம். அரசு தரும் உதவிப்படி ஒன்று, மின்சாரம் தண்ணீருக்குச் சலுகையும் ஒன்று. இரண்டாவது படிக்காகவே பொய்யாகப் பிரிந்தவர்கள் பெருகிப்போனதால் வீட்டுக்கு வீடு ‘அடுப்புச் சாட்சி’ வந்து உட்கார்ந்துவிட்டது. அது பானையை எடை போடும். வேகிற பண்டத்தில் அந்த அடுப்புக்கே உரிய, நாக்குக்குத் தெரியாத ஒரு சுவட்டை ஏற்றும். சாப்பிட்டவர் மூச்சில் சுவடு அறுபது நாள் தங்கும். அலுவலகத்து மூச்சுமானியில் ஊதினால் எந்த அடுப்பு, எத்தனை வேளை என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். ஏலக்காய்க்கெல்லாம் அது மசியாது. தெரிந்தும் மென்றான், பாவம்.

பக்கத்தில் அவன் மனைவி நவமணி நின்றாள். பாளையங்கோட்டையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, தங்க அறையும் உண்டு. ஆனால் பிரிந்ததற்கான தனி அட்டை இருந்தால்தான் அறை. திங்கட்கிழமைக்குள் காட்டாவிட்டால் வேலையும் அறையும் அடுத்தவளுக்குப் போய்விடும்.

பிரிவுக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை என்று தவசீலன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அண்ணன் வீட்டுப் பால்காய்ப்பில், பந்தி நிறைய ஆள் இருக்க, “இவளுக்கு உலை வைக்க அளவே தெரியாது, கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான்” என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். அதற்கு முன்னாலும் எத்தனையோ பந்தியில் சொன்னதுதான். அன்றைக்கு அவள் எழுந்து போய்விட்டாள். இவனும் வீறாப்பாக, இனி உன் கையால் ஒரு பருக்கை தொடமாட்டேன் என்றான். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வந்தது. இவன் வைத்த சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் அடிப்பிடித்தது. பத்தொன்பதாம் நாள் மத்தியானம், அவள் வேலைக்குப் போயிருந்தபோது, அவள் சட்டியைத் திறந்தான். சாளை மீன் குழம்பு. அதன்பிறகு மானம் ரோஷம் எதுவும் மிஞ்சவில்லை.

நவமணி ஊதினாள். பச்சை. அவன் ஊதினான். சிவப்பு.

“முப்பத்தொரு வேளை, உங்க மனைவி அடுப்பு,” என்றார் அலுவலர் அம்மாள். சேர்ந்துதான் சாப்பிட்டிருக்கிறீர்கள், இன்னும் அறுபது நாள் கழித்து வாருங்கள் என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார். நவமணியின் முகம் செத்துப்போயிற்று.

தவசீலன் விண்ணப்பத்தைத் தொடவில்லை. “சேர்ந்து சாப்பிடல மேடம். திருடித் தின்னேன்.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்குக் காது மடல் பற்றி எரிந்தது. அலுவலர் சிரிக்கவில்லை. திருட்டு என்றால் பெண்ணுக்கு அட்டை உண்டு, சட்டம் அப்படித்தான். ஆனால் அடுப்புச் சாட்சியின் பதிவைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். இருபதாம் நாளிலிருந்து அவள் உலையில் தினமும் இரண்டு பேருக்கான அரிசி விழுந்திருந்தது. தெரிந்தே மிச்சம் வைத்தால் அது திருட்டு இல்லை, பங்கு.

“தெரிஞ்சு வச்சீங்களாம்மா?”

தவசீலன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். முப்பத்தொரு வேளையும் கள்ளத்தனமாகத் தின்றதாக அல்லவா நினைத்திருந்தான்! நவமணிக்குப் பொய் வராது. உதட்டைத் திறந்துவிட்டாள். அவள் சொல்லுமுன் இவன் முந்திக்கொண்டான்.

“அவளுக்கு அளவு தெரியாது மேடம். கல்யாணம் ஆன நாள்லேருந்தே தெரியாது.”

பந்தியில் எவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை அது. இத்தனை பேர் முன்னால் மறுபடியும் அதையே சொன்ன வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

“அப்படியாம்மா?”

நவமணி அவனைப் பார்த்தாள். “ஆமா,” என்றாள். “எனக்கு அளவு தெரியாது.”

முதல் பத்தொன்பது நாள் பதிவையும் அலுவலர் ஒருமுறை பார்த்தார், பார்க்காததுபோல் மூடினார். அட்டை வந்தது. அவனுக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள்.

வாசற்படியில் அவள் நின்றாள். “அளவு எனக்குத் தெரியும்.”

“தெரியும் நவமணி.”

“அப்ப ஒருநாளாவது பந்தில அதச் சொல்லியிருக்கலாம்லா,” என்றாள். பேருந்து வந்ததும் ஏறிவிட்டாள்.

தவசீலன் கையிலிருந்த சீட்டைப் படித்தான். மூச்சில் சுவடு மறையும்வரை அவனுக்குத் தனி அட்டை கிடையாது. இன்னும் அறுபது நாளைக்குச் சட்டப்படி அவன் நவமணி அடுப்பைச் சேர்ந்தவன். நவமணிதான் அவனைச் சேர்ந்தவள் இல்லை.