படிக்கட்டில் திறந்த கதவு

"ஆ... ஆ... ஆஆஆ!"

வாசல் கேட் அருகே நின்ற வாட்ச்மேனின் கையிலிருந்த டீ கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது.

பெண் குரல்!

மருந்து ஆராய்ச்சிக் கட்டடத்துக்குள் விழுந்தடித்து ஓடினான். தரைத்தள வராந்தாவில், சக்கர நாற்காலியில், டைரக்டர் அம்மாள்.

"என் மூஞ்சியை என்ன பாக்கறே? மேல ஓடு! அங்கேர்ந்துதான் சத்தம்!"

லிஃப்ட் முந்தின நாளே மூச்சை விட்டிருந்தது. மூன்று மாடி ஏறி முடித்தபோது வாட்ச்மேனுக்கு நாக்கு தள்ளியது.

ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி கிடந்தார். பின்மண்டை பிளந்து... பக்கத்தில் ரத்தம் தோய்ந்த மைக்ரோஸ்கோப்!

அவர் தலையை மடியில் வைத்தபடி அவருடைய மனைவி. அதே மாடியில் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவள். கையெல்லாம் ரத்தம்.

அவள் அழவில்லை. அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

"செத்தது ஆம்பளை. கத்தினது பொம்பளை," என்றார் இன்ஸ்பெக்டர், கொட்டாவியோடு. ஸ்டேஷனில் அவருடைய பட்டப்பெயரே கொட்டாவிதான். "மாடியில இருந்த ஒரே பொம்பளை நீ. அடிச்சே... ரத்தத்தைப் பாத்ததும் கத்திட்டே. சரியா?"

"நான் கத்தலை."

"பின்னே பேயா கத்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? எலிக்கூடத்துல ஃபேன் போடுற இரைச்சல்ல இடி விழுந்தாலும் கேக்காது. வீட்டுக்குப் போலாம்னு கூப்பிட வந்தேன். இப்படிக் கிடந்தாரு."

"ஒரு சொட்டுக் கண்ணீரைக் காணோமே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வையா அது!

"உங்க முன்னாடி அழுது காட்டணுமா? அதை நான் வீட்ல போய் அழுதுக்கறேன்."

வீடாவது! கீழே ஜீப் அல்லவா காத்திருந்தது?

கீழே தன் ஏ.சி. அறையில் டைரக்டர் அம்மாள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"புருஷனும் பொண்டாட்டியும் காலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டாங்க சார். சரியான ராட்சசி அவ! இன்னும் என்ன யோசனை? விலங்கை மாட்டுங்க!"

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"என் காலைப் பாத்துட்டுமா கேக்கறீங்க?"

மூட்டுவாதம். வலது முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. இந்தக் காலோடு மூன்று மாடியா? கேட்ட இன்ஸ்பெக்டருக்கே வெட்கமாகிவிட்டது. அந்த ஏ.சி.யிலும் அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியதை மட்டும் மனதில் போட்டுக்கொண்டார்.

லிஃப்டைத் திட்டிக்கொண்டே விஞ்ஞானியின் மனைவியைத் தேடி மறுபடி மேலே ஏறினார்.

"காலையில என்ன சண்டை?"

"மருந்தாலதான். நாளைக்கு எங்க வலி மருந்தை ஊரைக் கூட்டி அறிவிக்கப் போறாங்க. அதுல கோளாறு இருக்கு, சொல்லியே தீருவேன்னாரு. 'வாயை மூடிக்கிட்டு இருங்க, டைரக்டரம்மா சும்மா விடமாட்டா'ன்னு நான் எரிஞ்சு விழுந்தேன்." ரத்தம் காய்ந்த கையைப் பார்த்தாள். "கடைசியா அவர்கிட்ட பேசினது அதுதான்."

"என்ன கோளாறு? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"வீங்கின இடத்துல நரம்புல ஒரு கதவு திறக்கும் சார். கால்சியம் சேனல்னு பேரு. கால்சியம் உள்ள போகும்... வலி கிளம்பும். எங்க மருந்து அந்தக் கதவைச் சாத்தும்."

"நல்லதுதானே?"

"ஆண் எலிக்கு நல்லது. நாள் பூரா நொண்டாம ஓடும். பெண் எலிக்குக் கொஞ்ச நேரம்தான் கேக்கும். அதுக்குள்ள உடம்பு வேற கதவைத் திறந்துடும். அடக்கி வச்ச வலி மொத்தமும் ஒரே அடியா வரும். அதுங்க கத்துற கத்து இருக்கே... காது குடுத்துக் கேக்க முடியாது சார்."

கொட்டாவி பாதியில் நின்றது!

"கத்துமா?"

"கதறும். அந்தம்மாகிட்ட சொன்னா, 'பொட்டை எலி கணக்கைக் குழப்பும், ஆண் எலியே போதும்'னு ஒரே பேச்சு. அவரு சொன்னதை அவங்க நம்பவே இல்ல."

இன்ஸ்பெக்டர் படியிறங்கினார். இந்த முறை இரண்டிரண்டு படியாக!

"மேடம், உங்க மருந்து பொம்பளைங்களுக்குச் சுத்த வேஸ்டாமே? ஊசியில தண்ணி ஏத்தின மாதிரின்னு அவ சிரிக்கிறா!"

டைரக்டர் அம்மாளின் முகம் சிவந்தது.

"எலிக்கூண்டு கழுவறவளுக்கு என்ன தெரியும்? என் மருந்தா வேஸ்ட்? ஏறும்போது ஒரு துளி வலி இல்ல! விறுவிறுன்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரொம்பத் தாமதம்!

"ஏறும்போது சரி. இறங்கும்போது? கடைசிப் படியில மொத்த வலியும் வந்துடுச்சா?"

அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யோவ் வாட்ச்மேன்! சத்தம் ஆய்வுக்கூடத்துலேர்ந்தா வந்துச்சு?"

"படிக்கட்டுலேர்ந்து சார்... அங்க கத்தினாத்தான் அப்படி எதிரொலிக்கும். இவங்கதான் மேல ஓடுன்னு விரட்டினாங்க."

"உங்க ரத்தத்தைச் சோதிக்கப் போறோம் மேடம். உங்க மருந்து அதுல இருக்கும்."

"ஆமா, நான்தான் அடிச்சேன்!" நாற்காலியின் பிடியை ஓங்கிக் குத்தினாள் அம்மாள். "என் வாழ்நாள் உழைப்பை அந்தப் பய நாளைக்குக் குப்பையில போட்டிருப்பான்! பொண்ணுங்களுக்குக் கேக்காதுன்னு பச்சைப் பொய் சொன்னான்!"

"பொய்யா?" இன்ஸ்பெக்டர் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார். "அப்புறம் ஏன் மேடம் கத்துனீங்க?"

அம்மாளின் பார்வை தன் வீங்கிய முழங்காலுக்குப் போயிற்று.

படிக்கட்டில் விசும்பல் கேட்டது. விஞ்ஞானியின் மனைவி.

"அவரு சொன்னது சரிதான்... சரிதான்..."

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து கதறினாள். யார் முன்னால் அழுகிறோம் என்ற நினைப்பெல்லாம் போயிருந்தது.

"நீ வீட்டுக்குப் போம்மா. ஜீப்ல கொண்டுபோய் விடச் சொல்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைக் கழற்றி.

விலங்கு மாட்டியதும் டைரக்டர் அம்மாள் பல்லைக் கடித்தாள்.

"கால் உயிர் போகுது! ஏதாவது வலி மாத்திரை குடுங்கய்யா!"

இன்ஸ்பெக்டர் நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டார்.

"ஜெயில் டாக்டர் தருவாரு மேடம். ஆனா ஒண்ணு... பொட்டை எலிக்குக் குடுத்துப் பாத்த மாத்திரைதானான்னு கேட்டுட்டு முழுங்குங்க!"