மேஜைக்கு மேலே வேண்டாம்

காலையிலேயே ஆரம்பமாகிவிட்டது.

“எங்க வேணா வைங்க... மேஜைக்கு மேல மட்டும் வேணாம்!”

வெண்கலத்தம்மா போட்ட சத்தத்தில், ஏணியில் நின்ற ஸ்பீக்கர் கடைக்காரர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். அடுப்புக்கு மேலே சீலிங்கில் ஸ்பீக்கர் பதிக்க இரண்டு வட்டம் வரைந்தாகிவிட்டது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே மூன்றாவது வட்டம் பாதியில் நின்றது.

வெண்கலம் என்பது அவள் குரலைக் கேட்டு உறவுக்காரர்கள் வைத்த பேர். கல்யாணமான புதிதில் அவள் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கத்தான் வேண்டும். அடுப்படியில் தனக்குத்தானே பாடிக்கொள்வாளே தவிர, யாரிடமும் உரக்கப் பேசியவள் இல்லை. நடுவில் எப்படி இப்படி ஆனாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வயசாக ஆக வாய் நீண்டுவிட்டது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

காரணம் தெரிந்தவர்கள் அவளும் அவள் கணவரும்தான்.

ஆலையில் தறிகள் ஓடும் கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, யாரிடமும் சொல்லக்கூடாது என அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகாவது விட்டாரா? “செவிடன்னு பேர் வாங்கிட்டு இந்த வீட்ல உக்கார மாட்டேன்” என்றுவிட்டார். அவர் மானத்தைக் காப்பாற்றுவது அவள் தலையில் விழுந்தது. மற்றவர்கள் சொன்னதையெல்லாம் அவள் உரக்கத் திருப்பிச் சொல்வாள். பேசுவதற்கு முன் கரண்டியால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவாள். பலகை அதிர்ந்ததும் அவர் நிமிர்ந்து வாயைப் பார்ப்பார். அவர் சாப்பிட உட்கார்ந்தால், அடுப்புக்கு மேலே இரைந்துகொண்டு புகையை இழுக்கும் சிம்னியை அணைத்துவிடுவாள். மகன் கண்ணுக்கு, அப்பா எதையும் கண்டுகொள்ளாத சாது. அம்மா எல்லாரையும் அதட்டி உருட்டுகிறவள்.

போன மாதம் மருமகள் ஆசைப்பட்டாள் என்று நடுச்சுவரை இடித்து ஓப்பன் கிச்சன் ஆக்கினார்கள். மிக்ஸி சத்தமும் குழாய்ச் சத்தமும் நேராக மேஜைக்கு வந்தன. இனிப் பாட்டும் தலைக்கு மேலிருந்து கொட்டினால், அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே குரலும் கேட்காது. இதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

“ஏம்மா வேணாம்? காரணத்தைச் சொல்லு!” என்றான் மகன்.

“எனக்குப் பாட்டு பிடிக்காது.”

“பொய்! சின்ன வயசுல நீ பாடுறதைக் கேட்டுத்தானே நான் கண்ணே முழிப்பேன்! இவ ஆசைப்பட்டுக் கேட்டுட்டா... அதனால வேணாங்கிற. அதானே?”

வீட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்ட கடைக்காரர் தன் வியாபாரத்தைப் பார்த்தார். “நாலு போட்டா சின்னச் சத்தத்துலயே எல்லா இடமும் சமமா கேக்கும்மா. ரெண்டே ரெண்டுன்னா அடுப்புக்கிட்ட அலறும், மேஜைக்கிட்ட முனகும். இப்பக் கேட்டுப் பாருங்க...” என்றவர், மாதிரிக்குக் கொண்டுவந்த ஸ்பீக்கரை ஏணி உச்சியில் வைத்துப் பாட்டைப் போட்டார்.

மருமகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நான் உண்மையைச் சொல்லிடறேன் அத்தை... உங்க சத்தம் என் காதுல விழக்கூடாதுன்னுதான் இந்த ஸ்பீக்கரையே கேட்டேன்! வந்த நாள்லேருந்து கரண்டியால தட்டித் தட்டிப் பேசுறீங்க. நான் என்ன மாடா? கண்ணெரியுதுன்னு சிம்னியைப் போட்டா அணைச்சிடறீங்க. ஒரு நாளாவது மெதுவா, பிரியமா ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?”

வெண்கலத்தம்மா கணவரைப் பார்த்தாள். அவர் அதே மேஜையில் குனிந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்... தலை நிமிரவில்லை.

“தப்புதாம்மா. நாலும் மாட்டிக்கோங்க... நான் கொஞ்ச நாள் மக வீட்டுல இருந்துட்டு வரேன்.”

அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அந்த வீடு கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் அடுத்த பிடி பீன்ஸுக்குக் கை நீட்டி, அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா? ஏன் அழற? யாரு என்ன சொன்னாங்க?”

எல்லாரும் திகைத்துப் போனார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இத்தனை ரகளை நடந்திருக்கிறது!

மருமகள் பாட்டை நிறுத்தச் சொல்லி ஜாடை காட்டினாள். மாமனார் பின்னால் போய் நின்றாள். “மாமா...” அவர் திரும்பவில்லை. “மாமா!” அப்போதும் இல்லை. அவளுக்கு என்ன தோன்றியதோ, அடுப்போரம் கிடந்த கரண்டியை எடுத்து மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவர் சட்டென்று திரும்பி அவள் வாயைப் பார்த்தார்.

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். “அத்தை... இது எனக்குத் தட்டினது இல்லையா?”

“ஒண்ணுமில்லம்மா... அவர் ஏதோ யோசனையில...” என்று அப்போதும் வெண்கலத்தம்மா மூடி மறைக்கத்தான் பார்த்தாள்.

“போதும்!” என்றார் அவர். “எனக்குக் காது கேக்காதுடா. ஆலையிலயே போச்சு. வெளியில சொல்லாதேன்னு நான்தான் இவளைக் கட்டிப்போட்டேன். எனக்காகத்தான் இவ கத்தினா. இவ கத்துறான்னு எல்லாரும் சிரிச்சப்ப... நானும் சேர்ந்து சிரிச்சேன். கேட்டுச்சுன்னு காட்டிக்கணுமே! பாவி... சிரிச்சேனே!”

மகன் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தன் கல்யாணத்தன்று, “மைக் எதுக்கு, அதான் எங்கம்மா இருக்காங்களே” என்று சபையில் சொன்னவன் அவன்தான். அப்பா சிரித்ததும் ஞாபகம் வந்தது. அம்மா சிரித்தாளா என்று ஞாபகம் இல்லை.

மருமகள் ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டு விம்மினாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா அத்தை? எத்தனை பேச்சுப் பேசிட்டேன்...”

“சொன்னா அவர் தலை குனிஞ்சிருப்பாரும்மா. எனக்கென்ன... ஒரு பேர்தானே போச்சு.”

கடைசியில் அடுப்புக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர் மட்டும் மாட்டினார்கள். மேஜையில் யாராவது உட்கார்ந்தால் நிறுத்திவிடுவது என்று மருமகளே சொல்லிவிட்டாள். மேஜைக்கு மேலே அந்தப் பாதி வட்டத்தை யாரும் அழிக்கவில்லை.

ஒரு காலை, மெதுவாக ஓடிய பாட்டோடு வெண்கலத்தம்மாவும் பாடிப் பார்த்தாள். வரவில்லை. கத்திக் கத்திக் கரகரத்துப் போன தொண்டை மேலே ஏற மறுத்தது. அவளுக்கு அழுகை வந்தது.

மேஜையில் இரண்டு தட்டுக் கேட்டது. மருமகள் என்று நினைத்துத் திரும்பினாள். அவர்!

“பாடுறியா?” என்றார். “கேக்க முடிஞ்ச காலத்துல ஒரு நாள்கூட உக்காந்து கேக்கலியேம்மா நான்...”

அவள் ஸ்பீக்கரில் ஓடிய பாட்டை நிறுத்தினாள். பதில் சொல்லக் குரலை உயர்த்தவில்லை. அருகில் வந்து உட்கார்ந்து, அவர் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, வந்த குரலில் மெல்லப் பாடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுப்படியில் நின்ற மருமகள், எட்டிச் சிம்னியை அணைத்தாள்.