மூக்கம்மாவின் நடுக்கம்

வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் நிழலுக்குள் போய்விட வேண்டும் என்பது வெயில் சட்டம். என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு மட்டும் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக வெளியே நிற்க அனுமதி உண்டு. அந்தச் சட்டை முதுகில் ஈரத்துணி ஒட்டியது போலிருக்கும். என் வீட்டில் அதற்குப் பெயர் தவளை. தினமும் விடியும் நேரம் தவளையை மாட்டிக்கொண்டு வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் போவேன். அங்கே மூக்கம்மா காத்திருப்பாள்.

மூக்கம்மா ஒரு பொக்லைன். நீண்ட கழுத்தும் அதன் முனையில் பக்கெட்டுமாக நிற்கிற செயின் வண்டி. கடல் உயர்ந்த பிறகு ஆற்றின் வாயை மணல் தினமும் அடைக்கிறது. அவள் தினமும் திறக்கிறாள். ஒரு மழைக்காலத்தில் திறக்காமல் விட்டால் பரங்கிப்பேட்டையின் பாதித் தெருக்களில் படகு விடலாம். அவளுடைய கேபினில் ஆள் கிடையாது. அவளை ஓட்டுகிற ஆவுடையப்பன் அண்ணாச்சி எங்கோ தெற்கே, அம்பாசமுத்திரத்தில், தன் வீட்டு அறையில் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த ஏற்பாட்டுக்குத் தொலைக்கை என்று பெயர். வருஷக்கணக்காக அவரும் நானும் தினமும் பேசுகிறோம். நேரில் பார்த்ததில்லை.

"வந்துட்டியளா தங்கச்சி?" என்றது என் காதில் இருந்த கருவி.

"வந்துட்டேன் அண்ணாச்சி. சாப்பிட்டாச்சா?"

"இட்லி ஆச்சு. கோமதி இன்னைக்கும் சட்னில உப்ப மறந்துட்டா."

பின்னாலிருந்து கோமதி அக்காவின் குரல் வந்தது. "போட்டா டாக்டர் ஏசுதாரு, போடலன்னா இவுக ஏசுதாக. நான் என்னதான் செய்யட்டும், நீயே சொல்லு சபுரா."

நான் கணவன் மனைவி விவகாரத்தில் தலையிடுவதில்லை. சிரித்துவிட்டு, பஞ்சாயத்து முடியட்டும் என்று நின்றேன். பிறகு அண்ணாச்சி வேலையைத் தொடங்கினார்.

அவர் தொடங்குவதற்கு ஒரு முறை உண்டு. ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத டிரைவர் உண்டா? அண்ணாச்சிக்கு ஸ்டீயரிங் இல்லை. அதனால் மூக்கம்மாவையே கும்பிட வைப்பார். பக்கெட்டின் பற்கள் மணலை மெல்லத் தொடும். பிறகு கழுத்து மடங்கி, பக்கெட் கேபின் கண்ணாடிக்கு முன்னால் வந்து சற்று நிற்கும். இங்கே நான் பிஸ்மில்லா சொல்லி முடிப்பதற்கும் அங்கே அவர் கும்பிட்டு முடிப்பதற்கும் சரியாக இருக்கும். அவ்வளவு பெரிய இரும்பு அப்படி அசையாமல் நிற்பதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

அன்று அது நடுங்கியது. பக்கெட் கண்ணாடிக்கு முன்னால் சிறிதாக, விடாமல் ஆடியது.

"பாத்தியளா? ஒரு வாரமா லேசா இருந்துச்சு, இன்னைக்கு வெளியவே தெரியுது," என்றார் அண்ணாச்சி. "அவளுக்கு என்னமோ முடியல தங்கச்சி. அவ நடுங்குதா. எங் கையில நல்லாத் தெரியுது."

அவர் மாட்டியிருப்பது உணர்கையுறை. அவர் கை அசைந்தால் மூக்கம்மா அசைவாள்; மூக்கம்மா கல்லில் இடித்தால் அவர் உள்ளங்கையில் இடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வழிதான். எது எங்கிருந்து புறப்பட்டது என்று கையுறைக்குத் தெரியாது.

என் இடுப்பிலிருந்த பழுதறிக் கருவி 'பூம் சிலிண்டர் ஐயம்' என்று ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டியது. பூம் என்பது மூக்கம்மாவின் கழுத்து; அதைத் தூக்கி இறக்குவது அந்தச் சிலிண்டர். கருவிக்கு எப்போதும் ஐயம்தான். பார்த்து முடிவு சொல்ல வேண்டியது நான். இந்தத் தொழிலின் விதிப்படி எந்தப் பழுதையும் இரண்டில் ஒரு பக்கம் போட்டு முடிக்க வேண்டும்: எந்திரத்தில், அல்லது கையில். எந்திரத்தில் என்றால் உதிரி வரும். கையில் என்றால் அந்தக் கை அன்றே விலக்கப்பட்டு அதன் இடத்தில் பொதுக்கை வரும். பொதுக்கை யாருடைய கையும் அல்ல. ஆயிரம் பேர் தோண்டியதைப் பார்த்துப் பழகிய ஒரு நிரல். விலக்கப்பட்ட கை எதுவும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதனால் ஓட்டுநர்கள் எல்லாரும் எந்திரத்தைத்தான் குறை சொல்வார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அண்ணாச்சி அந்த ரகம் இல்லை. பாறையில் மோதினால்கூட "நாந்தான் கவனிக்கல, அவ என்ன செய்வா" என்பார். அப்படிப்பட்டவரே மூக்கம்மாவுக்கு முடியவில்லை என்று சொன்னபோது நான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை.

"கைய எடுத்துட்டு ஓரமா உட்காருங்க அண்ணாச்சி. நான் பார்க்குறேன்."

"மெதுவாப் பாருங்க. அவளுக்கு வலிக்கப்போவுது."

முதலில் ஆயிலைப் பார்த்தேன். ஆயிலில் காற்று புகுந்திருந்தால் நுரை தெரியும், பூம் விட்டுவிட்டு எழும். நுரை இல்லை. அடுத்து ராடு. சிலிண்டருக்குள் போய்வருகிற அந்தப் பளபளப்பான தண்டில் கடல் உப்பு பள்ளம் பறித்திருந்தால், அது உள்ளே ஆயிலை அடைத்து நிற்கிற ரப்பர் வளையமான சீலைக் கிழித்துவிடும். விரலால் வருடிப் பார்த்தேன். கண்ணாடி போல இருந்தது. வண்டியோடு இருக்கிற சோதனைப் பெட்டியின் நெம்புகோலால் பக்கெட் நிறைய ஈரமணலை அள்ளி, பூமைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு டீ குடித்தேன். உள்ளே சீல் தேய்ந்திருந்தால் சுமை மெல்ல இறங்கும், கோடு நகரும். டீ முடிந்தது. கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பழுது அகப்படாத எந்திரத்தின் மேல் எனக்கு வருகிற கோபம் மாமியார் மேல்கூட வந்ததில்லை. அழுத்தத்தை இறக்கி, சிலிண்டரின் ஆயில் குழாயான ஓஸையே கழற்றினேன். முழுக்க நீட்டிய சிலிண்டருக்குள் ஒரு பக்கம் ஆயிலை அழுத்தினால், சீல் நன்றாக இருந்தால் மறுபக்கம் ஆயில் வரக் கூடாது. ஒரு சொட்டு வரவில்லை. ஓஸைத் திரும்ப மாட்டினேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

அவர் ஓட்டினார். பக்கெட் மணலுக்குள் இறங்கி, சுமையோடு எழுந்து, சுற்றி, கொட்டியது. ஒரு குறையும் இல்லை. கொட்டி முடித்து ஓய்வாக நின்றதும் நடுக்கம் வந்துவிட்டது. மறுபடி தோண்டினார், போய்விட்டது. மறுபடி நின்றார், வந்துவிட்டது.

சிலிண்டர்க் கோளாறு சுமையில்தான் காட்டிக்கொடுக்கும். பாரம் தூக்கும்போது நன்றாக இருந்து, சும்மா இருக்கும்போது நடுங்குகிற சிலிண்டரை நான் பார்த்ததே இல்லை. என் வாப்பாவின் பெரிய அண்ணனின் கையை மட்டும் பார்த்திருக்கிறேன். மடியில் கிடக்கும்போது நடுங்கும். பேனாவை எடுக்க நீட்டினால் நின்றுவிடும்.

தவளைச் சட்டைக்குள் எனக்கு வியர்த்தது.

"அண்ணாச்சி," என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல. "வேலை இல்லாத நேரத்துல கை எப்படி இருக்கு?"

"அதையேன் கேக்கிய. அவ நடுக்கம் எனக்கும் ஒட்டிக்கிட்டு. ராத்திரி முழுக்க பஸ்ல வந்தா மறுநாளும் ஒடம்பு ஆடுமே, அது மாரி. டம்ளரத் தூக்கதுக்கு முன்ன கையி மேசையில தாளம் போடுது. சட்டைப் பொத்தான் போட கோமதி வேணும். அவ சரியாயிட்டா எனக்கும் சரியாயிரும்."

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. எந்திரத்தில் என்று முடித்தால் புது சிலிண்டர் வரும். மழைக்காலம் முடியும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். அண்ணாச்சியும் மூக்கம்மாவும் சேர்ந்தே இருப்பார்கள். ஆனால் முகத்துவாரத்தில் பக்கெட்டை உரசிக்கொண்டுதான் மீன்படகுகள் போகும். படகுகளையும் விடுங்கள். அங்கே ஒரு மனிதர் தன் நோயை எந்திரத்தின் நோய் என்று நினைத்துக்கொண்டு, வைத்தியத்தை எந்திரத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"கோமதி அக்காவப் பக்கத்துல வரச் சொல்லுங்க."

"ஏம்மா?"

"வரச் சொல்லுங்க அண்ணாச்சி."

வந்தார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இப்ப மூக்கம்மாவக் கும்பிட வச்சு அப்படியே நிறுத்துங்க. அப்புறம் கையுறையக் கழட்டிட்டு, கைய மடியில சும்மா போடுங்க."

பக்கெட் மணலைத் தொட்டு, எழுந்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று நடுங்கியது. கையுறை கழன்ற சத்தம் கேட்டது. அந்த நொடியே மூக்கம்மா சுவரில் அடித்த ஆணி போல நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றேன். "அவங்க கை?"

"நடுங்குதும்மா," என்றார் கோமதி அக்கா. "கையுறை இல்லாமலே நடுங்குது."

அண்ணாச்சி கேட்டார்: "மூக்கம்மா எப்படி இருக்கா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அசையாம நிக்கிறா."

"அப்ப அவளுக்கு நோவு இல்ல."

"இல்ல."

"அது போதும்," என்றார். உண்மையாகவே நிம்மதியாகச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நல்ல மனிதருக்கு இந்தச் செய்தியை நானா சொல்ல வேண்டும் என்று ஆற்றாமையாக இருந்தது.

"இன்னைக்கே டாக்டரப் பாருங்க," என்றேன். "சீல் போறத ஆரம்பத்துலயே புடிச்சா ராடு தப்பிச்சுக்கும் அண்ணாச்சி. முத்த விட்டாத்தான் கெடுதல். மனுசங்களுக்கும் அப்படித்தான் இருக்கணும்."

"சரிம்மா. கையின்னு போட்டு முடிங்க."

"அண்ணாச்சி..."

"படகு போற எடம் தங்கச்சி. போடுங்க."

போட்டேன். பழுதறியின் மஞ்சள் விளக்கு அணைந்தது. அன்று மத்தியானமே பொதுக்கை வந்துவிட்டது.

டாக்டர் அந்த நோய்க்கு ஒரு நீளமான பெயர் சொன்னாராம். மாத்திரை இருக்கிறது, நடைப்பயிற்சி இருக்கிறது, சீக்கிரம் வந்தது நல்லது என்றாராம். கோமதி அக்காதான் போனில் சொன்னார். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. கைதான் ஓய்வாக இருக்கும்போது அடங்குவதில்லை. அண்ணாச்சி அதிகம் பேசுவதில்லையாம். சட்னியில் உப்பு இல்லை என்று சண்டைகூடப் போடுவதில்லையாம். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

பொதுக்கை ஒழுங்காகத்தான் தோண்டுகிறது. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வந்ததும் தோண்டத் தொடங்கிவிடும். மண்ணைத் தொடாது, நிற்காது. எனக்கு பிஸ்மில்லா சொல்லக்கூட நேரம் தராது. சில நாள் பொறுத்தேன். பிறகு விதிகளை எடுத்து உட்கார்ந்து படித்தேன்.

பொதுக்கை தொடங்குமுன் மெக்கானிக் எல்லாச் சிலிண்டரையும் ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது விதி. எப்படி அசைக்க வேண்டும் என்று இல்லை. விலக்கப்பட்ட கை ஓட்டக் கூடாது என்கிறது விதி. உணரக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அவர் கையிலிருந்து மூக்கம்மாவுக்குப் போகிற திசையைத்தான் அடைத்திருந்தார்கள்; அவளிடமிருந்து அவர் கைக்கு வருகிற திசை திறந்தே இருந்தது.

மறுநாள் விடியும்போது அம்பாசமுத்திரத்தைக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, கையுறைய மாட்டுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். கைய அதுக்குள்ள விட்டுட்டு சும்மா இருங்க."

"எதுக்கும்மா?"

"காலைச் சோதனை. ஒரு சாட்சி வேணும்."

சோதனைப் பெட்டியின் நெம்புகோலைப் பிடித்தேன். எனக்கு அவருடைய நயம் வராது. பக்கெட் மணலைத் தொட்டதில் ஒரு சின்னப் பள்ளமே விழுந்தது. தூக்கினேன். கழுத்து மடங்கியது. அம்பாசமுத்திரத்தில், கையுறைக்குள், அவருடைய கையும் கீழே இறங்கித் தொட்டு மேலே எழுந்திருக்கும். பக்கெட்டைக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். மூக்கம்மா அசையாமல் நின்றாள். அவள் நின்றபடியே கையுறை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றேன். "கை எப்படி இருக்கு?"

வளையல் சத்தம் அருகே வந்தது.

"நிக்குது சபுரா," என்றார் கோமதி அக்கா. "யாரோ புடிச்சு வச்சிருக்க மாரி நிக்குது."

"மண்ண இன்னும் மெதுவாத் தொடணும் தங்கச்சி," என்றார் அண்ணாச்சி. "அவளுக்கு வலிக்கும்லா." கொஞ்சம் கழித்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "இப்ப எடுத்துராதிய. இன்னும் செத்த நேரம் வச்சிருங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொதுக்கை வேலைக்குத் தயார் என்று பெட்டியில் பச்சை விளக்கு காட்டியது. நான் நெம்புகோலிலிருந்து கையை எடுக்கவில்லை.