ராகு காலத்தில் நின்ற அப்டேட்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணைக்குப் போகிற ரோட்டில், கரும்புக்கு நடுவே நிற்கிறது ‘ராஜாங்கம் பேலஸ்’. வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள். செய்தவருக்குச் சிங்கம் அத்தனை பழக்கமில்லை போலும். இரண்டும் பல்வலி வந்த நாயின் முகத்தோடு கரும்பையே பார்த்துக்கொண்டிருக்கும். அய்யப்பன் கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் வந்து இறங்கியபோது வெள்ளிக்கிழமை மதியம். சுள்ளென்று வெயில். பயப்படுவதற்கான நேரமே இல்லை.

“நெட்டு கம்பெனியா? மேல வா. இந்தச் சுத்துப்பட்டுல மொத மொத வைஃபை போட்டது யாரு வூடு, தெரியுமா?” என்றார் ராஜாங்கம்.

“உங்க வூடுதாங்க.”

தெரிந்துதான் கேட்டார். தபால்காரரையும் கேட்பார்.

மாடி அறையில் அவர் மகள் தேவிப்ரியா லேப்டாப்பின் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அவளுக்குக் கடைசி இன்டர்வியூ. வேலை கிடைத்தால் பெங்களூருக்குப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு போர்வெல் லாரி உண்டு. பெண்கள் வேலைக்குப் போவதில் நம்பிக்கை கிடையாது. செல்போன் சிக்னலோ அந்த வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது.

“காலைல ரவுட்டர்ல அப்டேட் ஏறிக்கினு இருந்துச்சுண்ணா. பாதியில அப்பா பிளக்கைப் புடுங்கிட்டாரு.”

“ராகு காலம் வந்துடுச்சு இல்ல?” ராஜாங்கம் குரலை உயர்த்தினார். “ராகு காலத்துல புதுசா ஒண்ணு வூட்டுக்குள்ள வரலாமா? முடிஞ்சதும் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வெச்சு நானேதான் மறுபடி சொருவுனேன்.”

ரவுட்டரின் நெற்றியில் மூன்று விரல் விபூதி. காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு சந்தனம். அதன் விளக்கு சிவப்பாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. பூ விழுந்த கண்ணின் வெள்ளையாக இருந்தது.

“பாதியில நிறுத்துனா பழசும் இருக்காதுங்க, புதுசும் இருக்காது.”

“அப்ப உள்ள இன்னாதான் இருக்கும்?”

அய்யப்பனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. பின்பக்க ரீசெட் துளையில் குண்டூசியை விட்டு அழுத்தினான். எந்த வியாதிக்கும் அவனிடம் இருந்த ஒரே மருந்து அதுதான்.

நெட் வந்தது. அந்த வீட்டில் இதுவரை வராத வேகத்தில் வந்தது.

அய்யப்பன் பெருமையோடு, யாரெல்லாம் இணைந்திருக்கிறார்கள் என்ற பக்கத்தை லேப்டாப்பில் திறந்தான். ராஜாங்கத்தின் போன். அவர் மனைவி அம்சவள்ளியின் போன். டிவி. லேப்டாப். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குப் பெயர் இல்லை. சிக்னல் ஒரு கோடு.

“பக்கத்து வூட்டுல யாராச்சும்…?”

“பக்கத்து வூடா? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் என் கரும்புதான்.”

அய்யப்பன் அதைத் தடை செய்தான். விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பெயரில்லாதது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

இப்போது இரண்டு கோடு.

“சிக்னல் ஏறுதுன்னா இன்னாங்க அர்த்தம்?” அம்சவள்ளி நிலைப்படியிலிருந்து கேட்டாள்.

“கிட்ட வருதுன்னு அர்த்தங்க.”

 கீழே கரும்புத் தோகை சலசலத்தது.

காற்று இல்லை.

தேவிப்ரியா எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றினாள். அவள் மனசுக்குள் மட்டும் இருந்த ஒரு சொல். எல்லா இணைப்பும் அறுந்து பக்கம் காலியானது. புதுச் சொல்லைத் தன் லேப்டாப்பில் போட அவள் முதல் எழுத்தைக்கூட அடிக்கவில்லை. அதற்குள் ஒன்று உள்ளே வந்திருந்தது.

மூன்று கோடு.

அணை வற்றும்போது அடிக்கிற சேற்று வாடை படி வழியாக மேலே ஏறி வந்தது.

அய்யப்பன் போனைக் காதில் வைத்து, “இதோ வரேங்க,” என்றான். “கள்ளக்குறிச்சியில அவசர கம்ப்ளெயின்ட்டுங்க.” சிக்னலே இல்லாத வீட்டில் அவனுக்கு மட்டும் எப்படி அழைப்பு வந்தது என்று கேட்பதற்குள் பைக் சத்தம் தேய்ந்துவிட்டது.

“அப்பா, காரை எடுங்க. ஊருக்குள்ள போனா போன்லயே நெட் கெடைக்கும். அங்க கார்ல உக்காந்து பேசிக்கறேன்.”

“ராஜாங்கம் பொண்ணு ரோட்டோரமா உக்காந்து இன்டர்வியூ குடுக்கறதா? நாலு பேர் பாத்தா இன்னா நெனைப்பான்?” என்றவர் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

விளக்கு அணையவில்லை.

“டேய், நான் யாருன்னு தெரியுமா?” என்று அதைக் கேட்டார். முப்பது வருஷமாக ஊரையே கேட்டு அடக்கிய கேள்வி. விளக்கு கண் சிமிட்டவில்லை. ராஜாங்கத்துக்குக் கீழே அவசர வேலை ஞாபகம் வந்தது. அழுத அம்சவள்ளியையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மணி மூன்று. தேவிப்ரியா புதுச் சொல்லை லேப்டாப்பில் போட்டு இன்டர்வியூ லிங்க்கை அழுத்தினாள்.

‘தேவிப்ரியா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.’

பிறகு திரை தானாகத் திறந்தது. சிரித்த முகமாக ஒரு மேடம். பக்கத்துக் கட்டத்தில் இதே அறை, இதே சுவர். இதே நாற்காலியில், இதே மஞ்சள் சுடிதாரில் அவளே உட்கார்ந்திருந்தாள். பாதி முகம் தெளிவாக இருந்தது.

மீதி இன்னும் லோடாகிக்கொண்டிருந்தது.

தேவிப்ரியா கையை உயர்த்தினாள். திரையில் இருந்தவள் உயர்த்தவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பளிச்சென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மேடம், அது நான் இல்ல!”

யாருக்கும் கேட்கவில்லை. மைக்கைத் திறக்கும் பொத்தான் அவள் அழுத்தலுக்கு அசையவில்லை.

“எக்ஸலண்ட். பெங்களூருக்கு எப்ப வர்றீங்க?” என்றார் அந்த மேடம்.

“வரலைங்க மேடம். வீட்டிலிருந்தே செய்றேன்,” என்றது தேவிப்ரியாவின் குரல். “இப்பதான் உள்ளே வந்தேன். இனிமே இந்த வீட்டை விட்டுப் போற எண்ணமில்லை.”

தேவிப்ரியா உட்கார்ந்திருந்த நாற்காலி, இன்னொரு ஆளின் கனம் ஏறியதுபோல முனகியது.

அவள் ஓடினாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் நிதானமாக விழுந்தது.

சாயங்காலமே வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது. ராஜாங்கம் டீக்கடை டீக்கடையாக அதைச் சொல்லி முடித்தார். ரிஷிவந்தியத்துக்காரர்களிடம், “எங்க ரேஞ்சு இப்ப வேறங்க,” என்று சொல்லி அந்தச் சம்பந்தத்தையும் முறித்தார். மாடிக் கதவை உடைக்கலாம் என்று அம்சவள்ளி கெஞ்சியபோது மட்டும், “நாள் நல்லா இல்ல,” என்றார்.

திங்கட்கிழமை காலை, பூட்டிய அறைக்குள்ளிருந்து கீபோர்டு தட்டும் சத்தம் வந்தது.

தேவிப்ரியா கொல்லையிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். கதவில் ஓங்கி ஒரு குத்து. தட்டல் நின்றது. அடுத்த குத்துக்கு அவள் கை ஓங்கியபோது ராஜாங்கம் மூச்சிரைக்க வந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். கதவை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கண்ணிலோ பெருமை.

“சத்தம் போடாதம்மா,” என்று கிசுகிசுத்தார். “பொண்ணு மீட்டிங்ல இருக்கா.”