வரிசையில் நின்ற படிகங்கள்

“ஹெட்விக்கை ஆய்வகத்தை விட்டு அனுப்பணும். கடிதத்துல கையெழுத்துப் போட்டாச்சு. ஆதாரத்தை மட்டும் நீங்க சேர்த்துக் கொடுங்க, யால்மார்.”

பேராசிரியர் குன்வோர் எக்லுண்ட் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை மேசைமேல் வைத்தார். ஹாவ்ஸ்பி பல்கலைக்கழகத்தின் விசாரணை அலுவலரான யால்மார் புரூடின் அதைத் தொடவில்லை. அவருடைய உதவியாளர் மைக்கன்தான் ஆவலோடு எட்டிப் படித்தாள்.

“நாலு வருஷ ஆராய்ச்சி மாணவி. அடுத்த வசந்தத்துல பட்டம் வாங்க வேண்டியவ. என்ன பண்ணினா?” என்றார் யால்மார்.

“புரதம் படிகமானாத்தான் அதோட உருவத்தை எக்ஸ்-ரேயில பார்க்க முடியும். எங்க புரதம் ஒன்பது வருஷம் மசியவே இல்ல. போன வருஷம்தான் முதல் படிகம் வந்துச்சு. அதுலேர்ந்து ஒரு துகளை அடுத்த சொட்டுல சேர்த்தா, தயிருக்கு உறை ஊத்தின மாதிரி, அங்கேயும் வளரும். இப்ப பக்கத்து ஆய்வகத்து ஸ்தஃபான் அதே படிகத்தைக் கருத்தரங்குல பெருசாக்கிக் காட்டுறான். தானா வளர்ந்துச்சாம்! படிகம் இருக்கிற குளிர் அறை அலமாரிக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு ஹெட்விக்கிட்ட. அவளோட காதலன் வேலை பார்க்கிறது ஸ்தஃபான்கிட்ட. இதுக்கு மேல என்ன வேணும்?”

“அப்பாடா, முடிஞ்சது” என்று மைக்கன் குறிப்பேட்டை மூடினாள்.

“திற” என்றார் யால்மார். “துகளை எதால எடுப்பீங்க, குன்வோர்?”

“பூனை மீசை முடியால.”

மைக்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரி, சிரி. அவ்வளவு மெல்லிசா, அவ்வளவு விறைப்பா வேற என்ன கிடைக்கும்? இந்தக் கட்டடத்துல பாதிப் பேர் என் பூனை உதிர்க்கிறதைத்தான் வெச்சிருக்காங்க. ஸ்தஃபானுக்குக்கூடக் கொடுத்தேன். மே நாலு, என் அறுபதாவது பிறந்தநாள். துலிப் பூவோட வந்து கேட்டான். நாளைக்குப் புதுசு கொண்டு வர்றேன்னேன். ‘எதுக்குச் சிரமம், மேசைமேல இருக்கிறதே போதும்’னான். எவ்வளவு நல்ல பையன்! அவனை இந்தப் பொண்ணு கெடுத்துட்டா.”

உயிர்வேதியியல் துறை அன்று வேற்று வீடு போலிருந்தது. எப்போதும் திறந்தே கிடக்கும் கதவுகள் மூடியிருந்தன. குளிர்பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. தாழ்வாரத்தில் இருவர் பேசிக்கொண்டிருந்தால், மூன்றாமவர் வந்ததும் பேச்சு நின்றது.

ஹெட்விக்கின் கண்கள் சிவந்திருந்தன. “சாவியை வாங்கிட்டாங்க. காலையில நான் வணக்கம் சொன்னேன், திரும்பிக்கூடப் பார்க்கல” என்றாள்.

“உறை போடுறது எப்படின்னு காட்டுங்க.”

அவள் முடியின் நுனியால் ஒரு படிகத்தைத் தொட்டாள். அதைப் புதிய சொட்டின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகு போன வாரம் இதே மாதிரி உறை போட்ட தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். முடி போன பாதை நெடுக, கொடியில் காயப்போட்ட துணிகள் போலப் படிகங்கள் வரிசையாக நின்றன.

“தானா வளர்ந்தா?”

“அங்கொண்ணும் இங்கொண்ணுமா சிதறிக் கிடக்கும்.”

ஸ்தஃபான் ரூஸ்வால் அவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார். கறுப்புக் கம்பளிச் சட்டையெங்கும் செம்பட்டைப் பூனை முடிகள். “எங்க வீட்டு ராஜாக்கள்” என்று தட்டிவிட்டார். “ரெண்டு பேரு. உட்கார நாற்காலி விடமாட்டாங்க.”

“உங்க முதல் படிகத் தட்டைப் பார்க்கலாமா?”

அவர் தயங்கித் தயங்கி அதை எடுத்து வைத்தார். தட்டின் ஓரத்தில் ‘மே 5’ என்று எழுதியிருந்தது. யால்மார் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார்.

மூன்று மணிக்குக் காப்பி அறையில் மூவரையும் உட்கார வைத்தார். ஏலக்காய் ரொட்டியை யாரும் தொடவில்லை. ஹெட்விக் கதவோரமாக, குன்வோருக்கு எட்டாத நாற்காலியில் இருந்தாள்.

“ஸ்தஃபான், உங்க படிகங்கள் தானா வளர்ந்ததுதானே?”

“எத்தனை தடவை சொல்றது?”

“அப்படின்னா அதெல்லாம் ஏன் ஒரே கோட்டுல நிக்குது? கருத்தரங்குல நீங்க ஒரே ஒரு படிகத்தைத்தான் காட்டுனீங்க. முழுச் சொட்டையும் யாரும் பார்க்கல.”

குன்வோரின் கோப்பை தட்டில் மோதியது. “கோட்டுலயா? அப்ப உறை போட்டிருக்கான்! இவதான் கொடுத்திருக்கா!”

“இவ கொடுத்திருந்தா, அவர் உங்ககிட்ட வந்து கேட்டிருக்கவே வேண்டாம்” என்றார் யால்மார். “வீட்டுல ரெண்டு பூனை வெச்சிருக்கிறவருக்கு அடுத்தவங்க பூனை மீசை எதுக்கு? அவருக்கு வேண்டியது முடி இல்ல, முடியில ஒட்டியிருந்த உங்க படிகத் துகள். அதனாலதான் புதுசு வேண்டாம்னார். நீங்க கொடுத்தது மே நாலு. இவர் தட்டு மே அஞ்சு.”

மழை ஜன்னலில் அடித்தது. ஸ்தஃபான் சட்டையிலிருந்த ஒரு முடியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். “ஒண்ணும் ஒட்டியிருக்காதுன்னுதான் நினைச்சேன். சும்மா முயற்சி பண்ணினேன்” என்றார் கடைசியில்.

“பலிச்ச பிறகாவது சொல்லியிருக்கலாமே” என்றாள் மைக்கன்.

ஹெட்விக் குன்வோர் பக்கம் திரும்பினாள்.

“முதல் வருஷம் முதல் வகுப்புல நீங்க சொன்னது: மீசையைக் கழுவாம யார் கையிலயும் கொடுக்காதே. நான் இன்னிக்கு வரைக்கும் கொடுத்ததில்ல.”

குன்வோர் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பையிலிருந்து இரண்டு சாவிகளையும் எடுத்து அவள் முன் வைத்தார். “ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும், கண்ணு. என்னைத்தான் வெளியே அனுப்பணும்.”

ஹெட்விக் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“என்னோடது போதும். நீங்க பேசினது ஆற நாளாகும், குன்வோர்.” எழுந்து, மற்ற சாவியைப் பேராசிரியரின் கோப்பைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். “நாளைக்கு எட்டு மணிக்குக் குளிர் அறையில இருப்பேன். மீசையை நான் கழுவி வைக்கிறேன்.”